அது கிராபீன் இல்லை, மெல்லிய காரீயம்

ஒரு பொய்யில் இருந்து தொடங்குகிறேன். என்னுடைய இறுதி வருட ஆய்வறிக்கையின் நீல அட்டையில், பொன்னிற எழுத்தில், ‘கிராபீன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. இயற்கை இறப்பருக்குள் மலிவான கிராபீனைக் கலந்து, அதை மின் கடத்தவும் வைத்து, பலப்படுத்தவும் செய்வது பற்றிய அறிக்கை. நல்ல புள்ளி கிடைத்தது. அம்மா அதை இப்பவும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார். ஆனால், நாங்கள் இறப்பருக்குள் கலந்த அந்தக் கறுப்புத் தூள் கிராபீன்தானா என்பது எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. பெரும்பாலும் இல்லை.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? 2022க்குப் பிறகு யாரோடு கதைத்தாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கதை வந்துவிடுகிறது. “உலகத்திலேயே சுத்தமான காரீயம் நம்ம நாட்டுலதான் இருக்கு. அதுல இருந்து கிராபீன் செஞ்சா கடன் எல்லாத்தையும் அடைச்சிரலாம்.” ஓட்டோ ஓட்டுகிற அண்ணாவும் சொல்கிறார், தொலைக்காட்சியில் வருகிறவரும் சொல்கிறார். இதில் முதல் வசனம் ஏறக்குறைய உண்மை. இரண்டாவது வசனம்தான் பிரச்சினை. அந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் எவ்வளவு வேலை கிடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. என்னுடைய அறிக்கையும் சொல்லவில்லை. அதற்குப் பிராயச்சித்தமாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாவட்டத்தில் இரண்டு கறுப்பு

நான் கேகாலைப் பக்கம். அம்மாவும் அம்மாச்சியும் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். விடியும் முன்னரே கத்தியும் வாளியுமாக மலை ஏறவேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். 1876இல் ஹெனரத்கொட பூங்காவில் நட்ட கன்றுகளில் இருந்து இந்த நாட்டு இறப்பரின் கதையைத் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கதை அம்மாச்சியின் விரலில் இருந்த கத்தி வெட்டுத் தழும்பில் இருந்துதான் தொடங்கும்.

அதே மாவட்டத்தில்தான் போகல காரீயச் சுரங்கமும் இருக்கிறது. பக்கத்துக் குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ. சிங்களத்தில் மினிரன். எங்கள் பாடப்புத்தகத்தில் பென்சிற்கரி. வேறு நாடுகளில் இது பெரும்பாலும் பாறைக்குள் சிறு செதில்களாகச் சிதறிக் கிடக்கும். பாறையை உடைத்து, அரைத்து, நீரில் மிதக்கவைத்துப் பிரித்தெடுக்க வேண்டும். இங்கே அது பாறைப் பிளவுக்குள் நரம்பு மாதிரி ஓடுகிறது. கட்டியாக வெட்டி எடுக்கலாம். அதில் 90 வீதத்துக்கு மேல், நல்ல கட்டிகளில் 99 வீதம் வரை காபன். இப்படியான நரம்புக் காரீயத்தை வணிக அளவில் எடுக்கிற நாடு இலங்கை மட்டும்தான். அந்த ஓட்டோ அண்ணா சொன்னது இதைத்தான்.

ஆனால், இந்தப் பெருமையை நாங்கள் முதல் தடவையாகப் பேசவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகள் செய்ய இலங்கைக் காரீயத்துக்கு அப்படி ஒரு கிராக்கி. 1916இல் 30,000 தொன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. டி. எஸ். சேனநாயக்கவின் தகப்பனார் சொத்துச் சேர்த்ததும் காரீயத்தில்தான். போர் முடிந்தது, மடகஸ்காரில் இருந்து மலிவான செதில் காரீயம் வந்தது, விலை விழுந்தது, நூற்றுக்கணக்கான குழிகள் மூடப்பட்டன. 1971இல் சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. கட்டியாகவும் தூளாகவும் ஏற்றுவதுதான் பெரும்பாலும் தொடர்ந்தது. மூசை செய்யும் வித்தை எங்களிடம் இருக்கவில்லை. மண்ணுக்குள் இருந்தது மட்டும்தான் எங்களிடம் இருந்தது.

இப்போது ‘மூசை’ என்ற சொல்லை அழித்துவிட்டு ‘கிராபீன்’ என்று எழுதுகிறோம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் கதையும் அப்படியேதான் முடியும்.

வெற்றிலைக் கட்டு

விசயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வெற்றிலைக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டாக இருந்தால் ஒரு கைப்பிடி. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பினால் ஒரு அறைத் தரை. காரீயம் என்பது அந்தக் கட்டு. ஒரு தனி வெற்றிலைதான் கிராபீன்: காபன் அணுக்கள் அறுகோணமாகக் கோர்த்துக்கொண்ட, ஒரு அணு மட்டுமே தடிப்புள்ள தாள். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில் 0.335 நனோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றர் காரீயத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் தாள்கள்.

2004இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைமும் கொன்ஸ்ரன்ரீன் நொவோசெலோவும் சாதாரண ஒட்டுநாடாவால் காரீயத்தை உரித்து உரித்து அந்த ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 2010இல் நோபல் பரிசு. 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்தத் தாளின் விறைப்பை அளந்தபோது அது உருக்கைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று வந்தது. ‘உருக்கை விடப் பலம்’ என்று நீங்கள் எங்கே வாசித்தாலும் அதன் வேர் இந்த அளவீடுகளில்தான் இருக்கும். ஆனால், அளந்தது என்ன? குறையே இல்லாத, ஒற்றையான, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னத் துண்டை. சாக்கில் வரும் தூளை இல்லை.

இதை ஏன் பிளாஸ்ரிக்கிலும் இறப்பரிலும் கலக்கிறார்கள்? இவை எல்லாம் பல்பகுதியங்கள். பெரும்பாலானவற்றில் மின் பாயாது. பாய வைக்க வேண்டுமென்றால் கடத்தக்கூடிய ஒரு தூளை உள்ளே கலக்கவேண்டும். அந்தத் துணிக்கைகள் ஒன்றை ஒன்று தொட்டு இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு பாதை போட்டால்தான் மின் போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காது, பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று பாயும்.

எங்கள் லயத்து வாசலில் மாரி காலத்தில் முழங்கால் சேறு. கடக்கக் கல் போடுவோம். கல்லென்றால் நிறைய வேண்டும். நீட்டுப் பலகை கிடைத்தால் இரண்டு மூன்று போதும். ரயருக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் காபன் கறுப்பு அந்தக் கல் மாதிரி, உருண்டைத் துணிக்கைகள். நிறையப் போடவேண்டும். கிராபீன், அகலமான மெல்லிய பலகை. 2006இல் அமெரிக்காவில் ரொட்னி ரூஒஃப் குழுவினர் பொலிஸ்ரைரீனுக்குள் கனவளவில் வெறும் 0.1 வீதம் கிராபீன் தாள்களைக் கொண்டே மின்பாதை தொடங்குவதாகக் காட்டினார்கள்.

பலத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மின் பாயட்டும் என்று தூளை அள்ளிக் கொட்டினால் இறப்பர் விறைக்கும், இழுபடாது, கடைசியில் வெடிக்கும். கொஞ்சத் தூளிலேயே பாதை கிடைத்தால் இறப்பர் இறப்பராகவே இருக்கும், தாள்கள் சுமையையும் தாங்கும். பலமும் கடத்தலும் ஒன்றாகக் கிடைக்கிற வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

மலிவு என்றால் எது மலிவு?

இந்தக் கட்டுரையில் நான் சண்டை பிடிக்க விரும்புவது ‘மலிவான கிராபீன்’ என்ற இரண்டு சொற்களோடு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நிரப்பியை 20 பங்கு போடவேண்டி இருக்கிறது, இன்னொன்றை 2 பங்கு போட்டால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கிலோவுக்குப் பத்து மடங்கு விலை என்றாலும் செலவு சரிக்குச் சரி. ஆகவே கிலோ விலையை மட்டும் பார்த்து மலிவு, விலை என்று சொல்லமுடியாது. முடிந்த பொருளில், அது செய்யவேண்டிய வேலைக்கு எவ்வளவு செலவு என்றுதான் பார்க்கவேண்டும். சரி. ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில் நிற்கிறது: அந்த 2 பங்கும் உண்மையிலேயே பிரிந்து, பரவி, தாளாக இருக்கவேண்டும். கட்டியாகத் திரண்டு கிடந்தால் அது விலை கூடின காரீயம், அவ்வளவுதான்.

இனி எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். பழைய வழி 1958இல் ஹம்மர்ஸ் எழுதியது: செறிந்த சல்பூரிக்கமிலம், பொற்றாசியம் பரமங்கனேற்று போட்டுக் காரீயத்தை ஒட்சியேற்றிப் பிரிப்பது. பிரியும், நன்றாகவே பிரியும். ஆனால் தாள்களில் ஒட்சிசன் ஏறி மின்கடத்தல் போய்விடும். பிறகு ஒட்சிசனை அகற்றினாலும் ஓட்டைகளும் வடுக்களும் மிஞ்சும். கழுவிய அமிலத் தண்ணீரை எங்கே விடுவது? களனி ஆற்றிலா? அந்தச் செலவை விலைப்பட்டியலில் யாரும் போடுவதில்லை.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது. 2014இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜொனதன் கோல்மன் குழுவினர் காரீயத் தூளையும் தண்ணீரையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் போட்டு, சமையலறை பிளெண்டரிலேயே தாள்களை உரிக்கலாம் என்று காட்டினார்கள். பகிடி இல்லை, பெரிய சஞ்சிகையில் வந்த ஆய்வு. தண்ணீர் வேகமாகச் சுழலும்போது ஒரு தாள் மற்றத் தாளின் மேல் வழுக்கிப் பிரிகிறது. அமிலம் இல்லை. குறை என்னவென்றால், போட்டதில் மிகச் சிறிய பங்குதான் மெல்லிசாகும். மிச்சத்தை மையநீக்கியில் பிரித்து மறுபடியும் போடவேண்டும். கிடைப்பதும் பெரும்பாலும் ஒற்றைத் தாள் இல்லை, சில தாள்கள் சேர்ந்த சின்ன அடுக்கு.

மூன்றாவது, 2020இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரூவரின் குழு செய்தது. நிலக்கரி, பிளாஸ்ரிக் கழிவு போன்றவற்றுக்குள் ஒரு கணம் பெரும் மின்னைப் பாய்ச்சி, 3,000 கெல்வினுக்கு அருகே சூடாக்கிக் கிராபீன் ஆக்குவது. கிராமுக்கு 7.2 கிலோயூல் மின்சக்தி போதும் என்று எழுதினார்கள். கழிவுக்கு ஒரு வழி என்ற அளவில் நல்ல விசயம்.

அப்புறம் நமக்கே உரிய நாலாவது வழி: “சிரட்டைக் கரியில கிராபீன் செய்யலாமாம்!” முகநூலில் மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும். சிரட்டைக் கரி அருமையான பொருள். உயிர்ப்பூட்டிய காபனாக நாங்கள் உலகத்துக்கே விற்கிறோம். ஆனால் எல்லாக் கரியும் சூடாக்கினால் காரீயமாகாது. 1951இலேயே ரொசலின்ட் ஃபிராங்க்ளின், டி.என்.ஏ. படம் எடுத்த அதே அம்மணி, காபன்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: சூட்டில் அடுக்காக ஒழுங்குபடுபவை, எவ்வளவு சூடாக்கினாலும் குறுக்குப் பிணைப்புகளால் ஒழுங்குபட மறுப்பவை. சிரட்டைக் கரி இரண்டாவது வகையோடு சேர்ந்தது. ஊக்கி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம், ஆனால் அது சும்மா அடுப்பில் நடக்கிற காரியம் இல்லை. பக்கத்திலேயே அடுக்கடுக்காக ஒழுங்குபட்ட காரீயம் கிடக்கும்போது சிரட்டையோடு மல்லுக்கட்டுவதற்கு என்ன அவசியம் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது முக்கியமான விசயம். 2018இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிராபீன் என்று விற்கும் 60 நிறுவனங்களின் தூள்களை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் கிராபீன் 10 வீதம்கூட இல்லை. ஒன்றில்கூட 50 வீதத்தைத் தாண்டவில்லை. இத்தனைக்கும் பத்துத் தாள் வரை அடுக்காக இருப்பதையும் தாராளமாகக் கிராபீன் கணக்கிலேயே சேர்த்தார்கள். மிச்சம் என்ன? நுணுக்கி அரைத்த காரீயம். உலகச் சந்தையிலேயே பொய் சொல்லித்தான் விற்கிறார்கள். என் நீல அட்டை தனிமையில் இல்லை.

எங்கள் பிளெண்டர்

எங்கள் குழுவில் மூன்று பேர். யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன், மட்டக்களப்புத் தோழி ஒருத்தி, நான். இணையத்தில் கிராபீன் என்ற பெயரில் விற்ற தூள் ஒரு சின்னப் போத்தல் வாங்கினோம். மூன்று பேரின் மகாபொல காசிலும் ஓட்டை விழுந்தது. இறப்பர் பாலில் கலந்தோம், கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தோம், மல்ரிமீற்றரை வைத்தோம். ஒன்றும் இல்லை. கூட்டிக் கூட்டிப் போட்டோம், அப்போதும் இல்லை. படலத்தை வெளிச்சத்தில் பிடித்தால் மிளகுத்தூள் தூவியது மாதிரிக் கட்டி கட்டியாய் நின்றது. இழுத்துப் பார்த்தால், தூள் போடாத வெறும் இறப்பரை விடச் சீக்கிரம் அறுந்தது. ஒவ்வொரு கட்டியும் ஒரு வெடிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது.

நண்பன் தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “மச்சான், இது கிராபீன் இல்லையடா. பென்சில் சீவின தூள்.”

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு மாமா வீட்டில் கடதாசி பறக்காமல் இருக்கக் காரீயக் கட்டி ஒன்று வைத்திருந்தார். “இதக் கொண்டுபோயி என்ன செய்யப் போற?” என்று சிரித்துக்கொண்டே தந்தார். அம்மா ஒரு போத்தலில் இறப்பர் பால் வாங்கித் தந்தார். உறையாமல் இருக்க அமோனியா விட்டது. அந்த வாடையோடு பஸ்ஸில் வந்ததை இன்னொரு நாள் எழுதுகிறேன். கட்டியை இடித்து அரித்து, பாத்திரம் கழுவும் திரவத்தோடு விடுதி பிளெண்டரில் போட்டோம். தோழி உயிரியல் ஆய்வுகூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி மையநீக்கி எடுத்துத் தந்தாள். மேலே நின்ற சாம்பல் நிறத் தண்ணீரை மட்டும் எடுத்து, கொதிக்கவைத்து வற்றவைத்து, இறப்பர் பாலோடு கலந்து ஊற்றினோம். இப்படியே பல நாள்.

ஒரு பின்னேரம் மல்ரிமீற்றரில் எண் விழுந்தது. பெரிய தடைதான், செப்புக் கம்பி இல்லை. ஆனால் எண். படலத்தை இழுத்தால் தடை கூடியது, விட்டால் குறைந்தது. மூன்று பேரும் ஆய்வுகூடத்தில் கத்தியதில் காவலாளி ஐயா வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த வெற்றிக்குக் காரணம் கிராபீனா? நேர்மையாகச் சொன்னால், தெரியாது. வாங்கின தூளை நாங்கள் உலர்ந்தபடி கரண்டியால் கலக்கினோம். எங்களுடையதைத் தண்ணீரிலேயே பிரித்து, தண்ணீரில் இருக்கும் பாலோடு கலந்தோம். பால் காயும்போது இறப்பர் உருண்டைகள் ஒன்றோடு ஒன்று நெருங்க, தாள்கள் அந்த உருண்டைகளுக்கு இடையில் ஒதுங்கி வலை மாதிரி நின்றிருக்கும். அதனால் கொஞ்சத் தூளிலேயே பாதை கிடைத்திருக்கும். ஆக, இரண்டு தூளையும் சரிசமமாக ஒப்பிடக்கூட இல்லை நாங்கள். வித்தியாசம் தூளில் இல்லாமல் கலந்த விதத்தில் இருந்திருக்கலாம். எத்தனை தாள் அடுக்கு என்று பார்க்க ராமன் நிறமாலை எடுக்கவேண்டும். அந்த வருடம் எங்களுக்கு அது வாய்க்கவில்லை. இழுவைப் பரிசோதனைக்கு மூன்று துண்டு. மூன்று துண்டின் சராசரியை வைத்து யாரும் எதையும் நிரூபிக்கமுடியாது.

தலைப்பில் ‘நுண் காரீயத் தாள்கள்’ என்று போடலாமா என்று கேட்டேன். “கிராபீன் எண்டு போட்டாத்தான் தம்பி கொன்பரன்ஸில எடுப்பாங்கள்” என்றார் சேர். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் மேலே யாரோ அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நான் தலையாட்டினேன். அதுதான் அந்தப் பொய்.

நமக்கு எது தேவை?

இங்கேதான் என் கருத்து. எங்களுக்கு அந்த ஒற்றைத் தாள் தேவையே இல்லை.

ஒரு உதாரணம். இலங்கை உலகத்துக்கு விற்கிற பொருட்களில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கான திண்ம ரயர்களும் உண்டு. உணவுத் தொழிற்சாலைத் தரையில் கறுப்புக் கோடு விழக்கூடாது என்று காபன் கறுப்பு இல்லாத வெளிர்நிற ரயர்களைக் கேட்பார்கள். காபன் கறுப்பு போனால் மின்கடத்தலும் போகும். வண்டியில் நிலைமின் சேரும், தொட்டால் உதறும், எரிவாயு இருக்கிற இடத்தில் தீப்பொறியும் ஆகலாம். ஆகவே நிலைமின் இறங்குவதற்கு ஒரு வழி வைக்கவேண்டும். அந்த வழிக்குச் செப்புக் கம்பி மாதிரிக் கடத்தத் தேவையில்லை. நூறு மெகா ஓம் தடை இருந்தாலும் நிலைமின் மெல்ல இறங்கிவிடும். பெற்றோல் குழாய், இலத்திரனியல் தொழிற்சாலைக் கையுறை எல்லாவற்றுக்கும் இதே கதை. இந்த வேலைக்கு நன்றாகப் பரவிய, பத்து இருபது தாள் அடுக்குள்ள மெல்லிய காரீயம் போதும். நோபல் பரிசு வாங்கிய தாள் வேண்டாம்.

‘மெல்லிய காரீயம்’ என்று பெயரை ஒத்துக்கொண்டால் பல விசயம் இலேசாகும். ஒற்றைத் தாளுக்காக மின்சாரத்தையும் அமிலத்தையும் கொட்டத் தேவையில்லை. எங்கள் காரீயம் ஏற்கனவே சுத்தம், அதனால் சுத்திகரிப்புச் செலவும் குறைவு. வாங்குகிறவருக்கும் எதை வாங்குகிறோம் என்று தெரியும். ‘கிராபீன்’ என்று சொல்லி விற்று, அவர் ராமன் எடுத்துப் பார்த்துச் சிரித்தால், அடுத்த தடவை நல்லதைக் கொண்டுபோனாலும் கதவு திறக்காது.

வேலை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஹோமாகமவில் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. உள்ளூர்க் காரீயத்தில் இருந்து கிராபீன் பொருட்கள் செய்யும் முயற்சிகளும் அங்கிருந்து தொடங்கியிருக்கின்றன. அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. ஆனால் காரீயத்துக்கு ஒரு வீடு, இறப்பருக்கு ஒரு வீடு. கலக்கிற அடுப்படி யாருடையது? என் அனுபவத்தில் வேலையின் முக்கால்வாசி அந்த அடுப்படியில்தான்: எந்தத் திரவத்தில் பிரிப்பது, பாலோடு எப்போது சேர்ப்பது, கட்டி விழாமல் எப்படிக் காயவைப்பது, கந்தகம் போட்டு வேகவைத்த பிறகும் அந்த வலை அறுந்துபோகாமல் இருக்கிறதா. இதையெல்லாம் பேசினால் செய்தித் தலைப்பு வராது. ஆனால் மூசை செய்யும் வித்தை என்று அன்றைக்கு எங்களிடம் இல்லாமல் போனது இதுதான்.

எனக்கு மூன்று ஆசைகள். ஒன்று, கேகாலை மாதிரி ஓர் இடத்தில் பொதுவான ஒரு சோதனைக்கூடம். ராமன், நுணுக்குக்காட்டி, இழுவை இயந்திரம் எல்லாம் அங்கே இருக்கவேண்டும். சின்னத் தொழிற்சாலைக்காரரும் இறுதி வருடப் பெடியளும் நியாயமான கட்டணத்தில், யாரையும் கெஞ்சாமல் வந்து அளந்துவிட்டுப் போகவேண்டும். இரண்டு, விற்கிற ஒவ்வொரு போத்தலிலும் எத்தனை தாள் அடுக்கு, எவ்வளவு பங்கு, எப்படி அளந்தது என்று எழுதியிருக்கவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும். மூன்று, தூசி. காரீயத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பற்றி இலங்கைத் தொழிலாளரை வைத்து 1972லேயே ஆய்வு வெளிவந்திருக்கிறது. இன்னும் நுண்ணிய தூளைச் செய்யப்போகிறோம் என்றால் முகமூடியும் காற்றோட்டமும் முதல் நாளே வரவேண்டும். ஈரத்தில் செய்து ஈரத்திலேயே கலப்பதில் இந்த நன்மையும் இருக்கிறது, தூள் பறக்காது.

“இதனால பால் வெட்டுற எங்களுக்கு என்ன கெடைக்கும்?” என்று அம்மா ஒருநாள் கேட்டார். என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. கையுறையில் காரீயம் போட்டதால் அரைப்பேர் முழுப்பேர் ஆகாது. கூடுதலாக வருகிற இலாபம் மரத்தடி வரைக்கும் தானாக இறங்கி வந்ததாக எனக்குத் தெரிந்து சரித்திரம் இல்லை, கேட்டு வாங்கினால்தான் உண்டு. ஆனால் மூலப்பொருளாகவே ஏற்றிக்கொண்டிருந்தால் கேட்பதற்குக்கூட ஒன்றும் இருக்காது. அந்த மாமாவின் மேசையில் இருந்த கட்டியும் அம்மா தந்த போத்தலும் இருபது மைலுக்குள் கிடைத்தவை. இரண்டையும் சேர்த்துக் கலக்க நான் நூறு மைல் தள்ளிப் போகவேண்டி இருந்தது. அந்தத் தூரத்தைக் குறைக்கலாம். அது எங்கள் கையில் இருக்கிற விசயம்.

போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அட்டையைக் கிழிக்க மனம் வரவில்லை, அம்மா விடவும் மாட்டார். முதல் பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி எழுதி வைத்தேன்: ‘தலைப்பில் கிராபீன் என்று இருப்பதை மெல்லிய காரீயம் என்று வாசிக்கவும். எத்தனை தாள் அடுக்கு என்பது அளக்கப்படவில்லை.’ யார் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரியாது. அடுத்து அந்த வேலையைத் தொடர்கிற தம்பியோ தங்கச்சியோ வாசித்தால் போதும். அவர்களாவது அளந்து பார்க்கட்டும்.